கட்டி, மூச்சுக்குழல், தீங்கற்றது

ஒண்ணுமில்லம்மா, சாதாரணக் கட்டிதான், மொத்தமா எடுத்தாச்சு, பயாப்சியும் நல்லபடியா வந்திருச்சு, மத்தியானம் கெளம்பிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய் இரண்டு மணி நேரமாகிறது. என் விரல்கள் இன்னும் நம்பவில்லை. பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கின்றன. உள்ளே இவருடைய லுங்கி, துண்டு, ஃபிளாஸ்க், ஸ்கேன் படம் வைத்த பெரிய கவர், எல்லாம் இருக்கிறது. எதையும் தேடவில்லை, சும்மா திறந்து மூடுகிறேன். டிஸ்சார்ஜ் ஃபைல் வரட்டும் என்று வார்டுக்கு வெளியே இந்த நீல நாற்காலிகளில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். இவர் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். தூக்கமில்லை. தூங்கினால் இவருக்கு வாய் லேசாகத் திறந்துகொள்ளும். ரெண்டு நாளைக்குப் பேசக் கூடாது, தொண்டை புண்ணாக இருக்கும் என்று சொல்லியிருப்பதால் காலையிலிருந்து கையாலேயே பேசுகிறார். தண்ணி, பேப்பர், போதும், நீ சாப்டியா. பத்தொன்பது வருடமாக சேலம்–ஆத்தூர் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறவருக்குக் கையால் பேச வராதா என்ன. சாதாரணக் கட்டி. சாதாரணம் என்று ஒரு சொல். அதை இத்தனை நாள் நான் எவ்வளவு அலட்சியமாகப் பயன்படுத்தியிருக்கிறேன், சாதாரணப் புடவை, சாதாரண சாம்பார் என்று. இன்றைக்கு அந்தச் சொல்லைக் கையில் வைத்துப் பார்க்கிறேன், திருப்பிப் பார்க்கிறேன், பளபளவென்று இருக்கிறது. குணசீலன், வயது நாற்பத்தேழு, மூச்சுக்குழலில் சாதாரணக் கட்டி. ஜன்னலுக்கு வெளியே ஏர்க்காட்டு மலை மேல் வெயில் ஏறிவிட்டது, கீழே ஆட்டோக்காரர்கள் யாரோ ஒருவரைச் சத்தம் போட்டுக் கலாய்க்கிறார்கள். இவ்வளவு நாளும் இந்தச் சத்தமெல்லாம் எங்கே போயிருந்தது?

ரெண்டு வருடம். ரெண்டு வருடமாக ஆஸ்துமா என்று நம்பிக்கொண்டிருந்தோம். அதில்தான் என் மனசு போய்ப் போய் முட்டுகிறது, புண்ணில் நாக்கு போவது போல. மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம், டிசம்பர் பனியில் அதிகம், தூசியில் அதிகம், பஸ்ஸில் வேலை என்றால் தூசிக்கா பஞ்சம். இன்ஹேலர் கொடுத்தார்கள். முதலில் காலையில் ஒன்று, அப்புறம் ராத்திரியும். வாழப்பாடி வாழப்பாடி வாழப்பாடி என்று மூன்று தடவை கூப்பிடுகிற மனுஷன் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டார், மாடிப்படியில் பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயசாகிறது என்றார், நானும் ஆமாம் என்றேன். நான் வேறு யாராவதாக இருந்திருந்தால் பரவாயில்லை. நான் பார்ப்பது மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்காவில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே டாக்டர் எழுதுகிற குறிப்பு எங்கள் சேலம் ஆபீஸின் திரைக்கு வரும், அதைப் படித்து அந்த நோய்க்கு உரிய எண்ணைப் போட வேண்டும். பன்னிரண்டு வருடமாக ஒரு நாளைக்கு நூறு பேருடைய மூச்சுத் திணறலையும் நெஞ்சு வலியையும் படிக்கிறவள், என் பக்கத்தில் படுத்திருந்தவருடைய சத்தம் மூச்சை வெளியே விடும்போது வரவில்லை, உள்ளே இழுக்கும்போதுதான் வருகிறது என்பதைக் கவனிக்கவில்லையே. ஆஸ்துமா என்றால் வெளியே விடும்போது அல்லவா. கடைசியில் போன மாதம் புதிதாக வந்த ஒரு டாக்டர் பொண்ணு ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைக்காமல் கழுத்தில் வைத்தது. வைத்துவிட்டு அப்படியே நின்றது. ஸ்கேன் எடுத்துரலாமே அண்ணா என்றது. படத்தில் மூச்சுக்குழலின் கறுப்பு வட்டத்துக்குள்ளே, ஒரு பக்கச் சுவரிலிருந்து, வெள்ளையாக ஒரு கொண்டைக்கடலை. இவ்வளவு நாளும் இந்த மனுஷன் அதன் ஓரமாகத்தான் மூச்சு விட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து என் தலைக்குள் அந்த அட்டவணைதான். கட்டிகளுக்கென்று எங்கள் புத்தகத்தில் ஒரு பெரிய அட்டவணை உண்டு. இடது பக்கம் உடம்பின் ஒவ்வொரு உறுப்பும் வரிசையாக, அதற்கு நேரே ஆறு கட்டங்கள். முதல் கட்டம் புற்று. இரண்டாவது, வேறெங்கிருந்தோ பரவி வந்த புற்று. மூன்றாவது, முளைத்த இடத்தை விட்டு இன்னும் நகராத புற்று. நாலாவது தீங்கற்றது. ஐந்தாவது, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த பிறகும் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாதது. ஆறாவது, இன்னும் யாருமே எதுவும் சொல்லாதது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஐந்தையும் ஆறையும் போட்டுக் குழப்புவார்கள். ரெண்டும் ஒன்றில்லை என்று நான்தான் சொல்லிக்கொடுப்பேன், ஒன்று பார்த்தும் தெரியாதது, இன்னொன்று பார்க்காததால் தெரியாதது. மூச்சுக்குழல் என்ற வரி அபூர்வமாகத்தான் வரும், பன்னிரண்டு வருடத்தில் நாலைந்து தடவை வந்திருந்தால் அதிகம். ஆனாலும் மனப்பாடம். சி 33 புற்று. டி 14.2 தீங்கற்றது. சமையலறையில் வெங்காயம் நறுக்கும்போதும், ஆபீஸ் வேனில் போகும்போதும், திங்கள்கிழமை இவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போன பிறகு அந்தக் கதவின் சின்னக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதும், ஒன்றாம் கட்டத்துக்கும் நாலாம் கட்டத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த ரெண்டு கட்டங்களைத்தான் கடந்து கடந்து வந்தேன். அகலமெல்லாம் ஒரு விரற்கடை. ஒரு விரற்கடை நகர்ந்து உட்காரக் கூடாதா, நீ நகர்ந்து உட்கார்ந்தால் உனக்கு என்ன நஷ்டம் என்று அந்தக் கட்டியிடம் பேசினேன். பஸ்ஸில் இவர் பயணிகளிடம் பேசுவது போல. கொஞ்சம் நகர்ந்து உக்காருங்கம்மா.

நகர்ந்துவிட்டது. நாலாம் கட்டத்தில் உட்கார்ந்துவிட்டது. டாக்டர் சொல்லிவிட்டார். "அக்கா, ஃபைல்" என்று வார்டு சிஸ்டர் வந்து கையில் கொடுத்துவிட்டு, "பயாப்சி ரிப்போர்ட் மட்டும் லேப்ல இருந்து வரணும், வந்ததும் தர்றேன். மத்ததெல்லாம் உள்ள இருக்கு, சரி பாத்துக்கங்க" என்று போகிறது. சரி பார்க்க எனக்குச் சொல்லவா வேண்டும். தொழில் பழக்கம், நான் எந்தக் காகிதத்தையும் கீழிருந்துதான் படிப்பேன். எல்லோரும் பெயர், வயது, மருந்து என்று மேலிருந்து வருவார்கள், அடியில் பொடி எழுத்தில் இருக்கும் எண் யார் கண்ணிலும் படாது. என் கண் நேராக அங்கேதான் போகிறது. சி 33. மறுபடி பார்க்கிறேன். சி 33. வேறு யாருடைய ஃபைலோ. மேலே பெயர் பார்க்கிறேன், குணசீலன், நாற்பத்தேழு, கன்னங்குறிச்சி. இவருடையதுதான். கை தானாக ஃபைலை மூடுகிறது. இவர் கண்ணைத் திறந்து, என்ன என்று புருவத்தை உயர்த்துகிறார். ஒண்ணுமில்ல, பேர்ல ஒரு எழுத்து தப்பா இருக்கு, மாத்திட்டு வந்துர்றேன் என்கிறேன். எவ்வளவு சுலபமாக வருகிறது பொய். வரும். பழகிய வாய். எட்டு வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்கு வயிற்றில் வந்தபோது, அல்சர்ப்பா, மாத்திரை சாப்டா சரியாயிரும் என்று சொன்னது இதே வாய். டாக்டர் அப்பா முன்னால் சிரித்துக்கொண்டே, ஒண்ணுமில்ல பெரியவரே, சாதாரணப் புண்ணுதான் என்றார், அப்புறம் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். சாதாரணம். அதே சொல். இன்று காலையிலும் டாக்டர் இவர் முன்னால்தானே சொன்னார். பொய் என்றால் அப்படித்தானே சொல்வார்கள், நோயாளி முன்னால், சத்தமாக, சிரித்துக்கொண்டு. என்னைத் தனியாகக் கூப்பிடவில்லையே. கூப்பிடவில்லையா, நான்தான் கவனிக்கவில்லையா? போகும்போது கதவருகே ஒரு நொடி நின்றாரே, செல்போனைப் பார்த்தாரா, நான் பின்னாலேயே வருவேன் என்று பார்த்தாரா? நான் சந்தோஷத்தில் இவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மடச்சி, வெளியே போயிருக்க வேண்டாமா. ரிப்போர்ட்டை மட்டும் ஏன் வைக்கவில்லை? எல்லாக் காகிதமும் வந்திருக்க, அது மட்டும் ஏன் வரவில்லை? லிஃப்டில் ஒரு அம்மாள் ஆப்பிள் பையோடு நிற்கிறாள். ஆப்பிளின் சிவப்பு கண்ணில் குத்துகிறது. இவரிடம் என்ன சொல்வது? அல்சர் என்று சொல்ல முடியாது. இன்னும் கொஞ்சம் ஆஸ்துமா மிச்சமிருக்கிறது என்று சொல்லலாமா? மறைத்து வைத்துப் பத்து மாதம் நடித்தேன் அப்பாவிடம். இன்னொரு தடவை என்னால் ஆகாது.

ரெக்கார்ட்ஸ் அறை தரைத்தளத்தில், மருந்துக் கடைக்குப் பின்னால். சத்தியநாதன் என்று சட்டையில் பெயர் குத்தியிருக்கிற ஒருவர், ஐம்பது வயதிருக்கும், ஒரு ஃபைல் குவியலுக்குள்ளிருந்து நிமிர்கிறார். இந்த நம்பர் எதைப் பாத்துப் போட்டீங்க சார் என்று கேட்கிறேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருக்கிறது. "எந்த நம்பருங்க?" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்க்கிறார். "ஓ, இதுவா. அட்மிஷன் சீட்டைப் பாத்துதாங்க போடுவோம்." எடுத்துக் காட்டுங்க என்கிறேன். அவர் எடுக்கிறார். எவ்வளவு மெதுவாக எடுக்கிறார். மஞ்சள் சீட்டு, டாக்டரின் கையெழுத்து, மூச்சுக்குழல் புற்று என்று ஆங்கிலத்தில் இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால், வரியின் தொடக்கத்தில், கொக்கி மாதிரி ஒன்று. கேள்விக்குறி. புற்றாக இருக்குமோ என்பதற்காக டாக்டர் போட்ட கேள்விக்குறி. இங்க கேள்விக்குறி இருக்கே சார் என்கிறேன். அவர் குனிந்து பார்க்கிறார். "இருக்குங்க. ஆனா கம்ப்யூட்டர்ல கேள்விக்குறி போட எடமில்லைங்களே." அந்த மனிதரை அடிக்க வேண்டும் போலவும் இருக்கிறது, காலில் விழ வேண்டும் போலவும் இருக்கிறது. பயாப்சி ரிப்போர்ட்டைப் பாத்தீங்களா என்கிறேன். "அது எங்களுக்கு இன்னும் வரலைங்க மேடம். டிஸ்சார்ஜ் சீக்கிரம் வேணும்னு மேல இருந்து சொன்னாங்க, இருக்கறத வச்சுப் போட்டுட்டேன்." அப்படியென்றால் இவருக்கும் தெரியாது. தெரியாமல் போட்டது. ஆனால் தெரியாமல் போட்டதே சரியாகவும் இருந்துவிட்டால்? கேள்விக்குறிக்குப் பதில் ஆமாம் என்றும் வரலாமே. லேப்புக்குப் போன் பண்ணிக் கேளுங்க சார் என்கிறேன். பண்ணுகிறார். ம், ம் என்கிறார். போனைக் கையால் மூடிக்கொண்டு, "டாக்டரம்மா உங்கள நேர்ல வரச் சொல்றாங்க" என்கிறார். நேரில். ஏன் நேரில்? நல்ல சேதியை யாராவது நேரில் சொல்வார்களா? லேப் முப்பதடி தூரம்தான். அந்த முப்பதடியில் நான் இவருடைய அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுவரை போய்விட்டேன்.

டாக்டர் தமயந்தி என்று கதவில் இருக்கிறது. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு அம்மா, நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் ஆறிப்போன டீ. "நீங்க யாரு, குணசீலன் சம்சாரமா? போன்ல யாருன்னு தெரியாம ரிப்போர்ட்டச் சொல்லக் கூடாது, அதான் வரச் சொன்னேன். உக்காருங்க." உட்காரவில்லை. ஃபைலை நீட்டி அந்த எண்ணைக் காட்டுகிறேன். பார்த்ததும் அவர் முகம் மாறுகிறது, ஆனால் நான் பயந்தது மாதிரி மாறவில்லை, கோபமாக மாறுகிறது. "யாரு போட்டது இத? காண்ட்ரோமான்னு பேரும்மா அதுக்கு. மூச்சுக்குழலச் சுத்தி வளையம் வளையமா குருத்தெலும்பு இருக்கும், அதுல முளைச்ச கட்டி. புத்து இல்ல." புத்து இல்லையா என்கிறேன். "இல்ல." நிச்சயமாவா? "இந்த எடத்துல இது வர்றது ரொம்ப அபூர்வம். எனக்கே இது ரெண்டாவதுதான். அதனாலதான் ஒண்ணுக்கு மூணு தடவ பாத்தேன், எங்க சீனியருக்கும் அனுப்பிக் கேட்டேன், அதுல ஒரு நாள் லேட்டாயிருச்சு. அவரும் இதேதான் சொன்னார், காலைலயே உங்க டாக்டருக்குப் போன்ல சொல்லிட்டேன். இந்தாங்க, இப்பத்தான் கையெழுத்துப் போட்டேன்." காகிதம் இன்னும் சூடாக இருக்கிறது. கடைசி வரியைத்தான் முதலில் படிக்கிறேன். தீங்கற்றது. எழுத்துகள் கொஞ்சம் நகர்கின்றன, மறுபடி நிற்கின்றன, மறுபடி தீங்கற்றது என்றே இருக்கிறது. ஆனாலும் என் வாய் கேட்கிறது, டாக்டர், எனக்காகப் பொய் சொல்லலீங்களே? கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிகிறது. அவர் சிரிக்கவில்லை. "நான் பேஷண்டயே பாக்கறதில்லம்மா. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கண்ணாடித் துண்டத்தான் பாக்கறேன். இந்த ஆஸ்பத்திரில எனக்குப் பொய் சொல்ல வேண்டிய ஆளே கெடையாது." அப்போதுதான் உட்கார்ந்தேன். அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது. திரும்ப வருமா என்றேன். வர வாய்ப்பு கம்மி, வருஷத்துக்கு ஒரு தடவ குழாய் விட்டுப் பாத்துக்கணும் என்றார். வருடத்துக்கு ஒரு தடவை. பார்க்கலாம். பொங்கலும் வருடத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது.

சத்தியநாதன் எழுந்து நிற்கிறார். டாக்டரம்மா போனில் நன்றாகவே திட்டியிருக்க வேண்டும், அவர் காது சிவந்திருக்கிறது. "என்ன நம்பருங்க மேடம்?" டி பதினாலு புள்ளி ரெண்டு என்கிறேன். இத்தனை வருடத்தில் எந்த எண்ணையும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, விரல்கள்தான் சொல்லும். அவர் பழையதை அழிக்கிறார், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறார், பிரின்ட்டர் முனகுகிறது. "மன்னிச்சுக்குங்க மேடம். நீங்க பாக்கலேன்னா யாரும் பாத்திருக்கவே மாட்டாங்க. நீங்களும் இந்த வேலதானுங்களா?" ஆமாங்க என்கிறேன். கோபம் வர வேண்டும், வரவில்லை, எங்கோ வழியில் இறங்கிப் போய்விட்டது. எனக்கும் ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு சார்ட் முடிக்க வேண்டும். எனக்கும் மேலே இருந்து சீக்கிரம் என்பார்கள். நான் எத்தனை கேள்விக்குறிகளைக் கீழே போட்டேனோ, யாருக்குத் தெரியும், பாஸ்டனிலோ டல்லஸிலோ ஒரு பெண் ஒரு காகிதத்தோடு லிஃப்டுக்குள் நின்றாளோ என்னவோ. அவளுக்கு எங்கள் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாதே, யாரிடம் போய்க் கேட்பாள்? திங்கள்கிழமை வேலைக்குப் போனதும் மெதுவாகப் போட வேண்டும். திட்டினால் திட்டட்டும். பழைய தாளை என்ன பண்ணுவது என்றார். கிழிங்க சார் என்றேன். கிழித்தார். இன்னும் சின்னதா கிழிங்க என்றேன். சிரித்துக்கொண்டே கிழித்தார்.

மேலே வந்தால் இவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பேசக் கூடாது என்று சொல்லியும் காற்றை மட்டும் வைத்து, "பேர்ல ஒரு எழுத்துக்கு முக்கா மணி நேரமா?" என்கிறார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், எண், கேள்விக்குறி, கம்ப்யூட்டரில் இடமில்லாதது, ஆறிப்போன டீ. ரிப்போர்ட்டையும் மடியில் வைக்கிறேன். அவர் அதைப் பார்க்கவில்லை, என்னையே பார்க்கிறார். "டாக்டர் சொன்னதை நானும் நம்பல" என்கிறார். ஏனாம் என்கிறேன். "உங்கப்பாவுக்குச் சொன்ன மாதிரியே இருந்துச்சு. அதான் உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு மணி நேரமா நீ பையத் தெறந்து தெறந்து மூடறே. சரி, என்னமோ இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். அப்பறம் ஃபைல எடுத்துக்கிட்டு ஓடறே." ஐயோ, கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா. நான் சந்தோஷத்தில்தாங்க ஜிப்பைத் திறந்தேன் என்கிறேன், சிரிப்பும் அழுகையும் ஒரே வழியில் வந்து இடித்துக்கொள்கின்றன, மூக்கை முந்தானையில் துடைக்கிறேன், எதிர் நாற்காலியில் இருக்கிறவர்கள் பாவம் என்று பார்க்கிறார்கள். பாவமில்லைங்க, நல்லாயிருச்சுங்க என்று அவர்களிடம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. "எனக்கு வந்தா எங்கிட்ட மறைக்காத" என்கிறார் இவர். மறைக்க மாட்டேன் என்கிறேன். "சத்தியமா?" சத்தியமா. பேசாதீங்க, தொண்டை. சரி என்று கையைக் காட்டுகிறார். இருபது வருடக் குடித்தனத்தில் இதைப் பேசிக்கொள்ள எங்களுக்கு ஒரு கேள்விக்குறி கீழே விழ வேண்டியிருந்திருக்கிறது.

லிஃப்டுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரோடு கூட்டம். இவர் படிக்கட்டைக் காட்டுகிறார், இறங்கறதுதானே என்பது போல. எனக்கு முன்னால் கைப்பிடியைத் தொட்டும் தொடாமலும் இறங்கிப் போகிறார். நான் பையையும் ஃபிளாஸ்க்கையும் ஸ்கேன் கவரையும் சமாளிக்க முடியாமல் பாதியில் நின்றுவிட்டேன், ரிப்போர்ட் கசங்கக் கூடாது என்று அதை வேறு தனியாகப் பிடித்திருக்கிறேன். இவர் அடுத்த திருப்பத்தில் நிமிர்ந்து பார்க்கிறார். என்ன இது என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி ஏறி வருகிறார். பதினோரு படி. நடுவில் நிற்கவில்லை. சுவரைப் பிடிக்கவில்லை. வந்து என் தோளிலிருந்து பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொள்கிறார், வாய் மூடியிருக்கிறது, மூக்கால் மூச்சு வந்து போகிறது, அது வருவதும் போவதும் எனக்குக் கேட்கவே இல்லை. தான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை, பையின் வாரைச் சரி செய்துகொண்டிருக்கிறார். சொல்லலாமா என்று நினைத்தேன். வேண்டாம், சொன்னால் படியை எண்ண ஆரம்பித்துவிடுவார். எனக்குத் திடீரென்று பயங்கரமாகப் பசித்தது. கீழே கேன்டீன்ல சூடா இட்லி இருக்குமா என்று கேட்டேன். தெரியாது என்று கையை விரித்துவிட்டு, எனக்கு முன்னால் இறங்கத் தொடங்கினார்.